அநாதைப் பாடகன்

“அம்மா செத்து ஒன்பது வருசம்,” என்று சுஜீத் ஸ்பானிஷில் சொன்னதும், எதிரே இருந்த ரேடியோக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கடைசி நேரத்தில் என் பேரைத்தான் கூப்பிட்டாள். அதுதான் என் முதல் பாட்டு.”

லண்டனில் இருக்கிற தென்னமெரிக்கச் சனமெல்லாம் கேட்கிற நிலையம் அது. எலிபன்ட் அன்ட் காசிலில் ஒரு சின்ன அறை. அன்று மாலை ஆறு மணிக்கு ஆல்பம் வெளியீடு என்று மூன்று தரம் அறிவித்து, தோளில் தட்டி அனுப்பி வைத்தார்கள்.

வெளியே வந்து போனைத் திறந்தான். இரண்டு மிஸ்ட் கோல். இரண்டும் செத்துப்போன அம்மாவிடமிருந்து.

தவநாயகிக்கு ஒன்றும் ஆகவில்லை. கோலியர்ஸ் வுட்டில், முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லாமல் நன்றாகத்தான் இருந்தாள். அவளைச் சாகடிக்கச் சொன்னது மனேஜர் ரதீசன். பார்சிலோனாவில் பத்து வருசம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த மனுசன், ஸ்பானிஷ் பாட்டுக்கு எது ஓடும், எது ஓடாது என்று அவருக்கு அத்துப்படி.

ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ. எட்டு மாதம் பாடிப் பாடித் தொண்டை வற்றிப்போயிருந்த ஒரு நாள் அவர் கேட்டார்: “குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா சனத்துக்குக் கண்ணீர் வேணும். உன்ரை வீட்டிலை ஆரும் செத்திருக்கினமோ?”

“அப்பா இல்லை, அண்ணை.”

“அப்பா பாட்டு ஓடாது, தம்பி. அம்மா எண்டு மாத்து.”

மாற்றிவிட்டான். பத்துப் பாட்டிலும் அம்மா செத்தாள். ஆல்பத்துக்குப் பெயர் ‘வெர்ஃபனோ’. ஸ்பானிஷில் அநாதை என்று அர்த்தம். “வேலையை விட்டிட்டுப் பாடு ராசா, வீட்டை நான் பாக்கிறன்” என்று சொன்ன மனுசியைத்தான் இந்தப் பாவி இப்படிச் செய்தான்.

முதலில் கொஞ்ச நாள் நித்திரை வரவில்லை. பிறகு பழகிவிட்டது. அம்மாவுக்கு எங்கே விளங்கப்போகிறது? இங்கிலிஷே அரைகுறை. பதினெட்டு வருசமாக ஒஃபிஸ் கிளீனிங். கூட ஷிப்டில் நிற்கிற மார்த்தா எக்குவடோர்க்காரி, அவளுக்கு இங்கிலிஷ் அதைவிட மோசம். இரண்டு பேரும் வாளியும் தும்புக்கட்டையுமாக நின்று விழுந்து விழுந்து சிரித்ததை ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்த்தான். கையும் முகமும் காட்டிக் கதைக்கினம் போல என்று நினைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டிவிட்டான்.

இப்போது சேர்ட் மாற்ற வீட்டுக்கு வந்தால், தவநாயகி கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரம் உடுத்து, கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.

“எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது, ராசா?”

அவனுக்குப் பகீர் என்றது. பேப்பர்காரர், ரேடியோக்காரர் எல்லாரும் வரப்போகிற இடம். செத்த மனுசி பட்டுச் சீலையோடு முன்வரிசையில் வந்து இருந்தால் ஆல்பமும் போச்சு, மானமும் போச்சு.

“இல்லை அம்மா... மியூசிக் ஆக்கள் மட்டும்தான். வீட்டு ஆக்களைக் கூட்டிக்கொண்டு வரேலாதாம்.”

“நான் பின்னாலை ஒரு மூலையிலை நிக்கிறன். ஆரெண்டு ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

“லிஸ்ட்டிலை பேர் இல்லாட்டி உள்ளுக்கு விடமாட்டாங்கள் அம்மா.”

“சரி, விடு.” அவள் ஊசியைக் கழற்றித் தோளில் இருந்த மடிப்பை அவிழ்த்தாள். “விம்பிள்டன் பிள்ளையார் கோயிலிலை எல்லாரும் கேக்கினம், உன்ரை ஆல்பத்தின்ரை பேருக்கு என்ன அர்த்தமெண்டு.”

“விடியல், அம்மா. விடியல் எண்டு அர்த்தம்.”

“அப்பிடியோ. முதல் பாட்டு?”

“அது சும்மா ஒரு காதல் பாட்டு.”

“என்னைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ? யோசிச்சுச் சொல்லு, தம்பி.”

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய் உன்னியது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான், ஐந்தாகப் பத்து நிமிசம். விழுங்கிக்கொண்டான்.

“கடைசிப் பாட்டு உங்களுக்குத்தான். நீங்கள் நூறு வயசு வாழவேணும் எண்டு எழுதினது.”

தவநாயகி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கினது மாதிரி இருந்தது, பெருமையில்தான் என்று நினைத்தான் மடையன்.

நல்ல காரியத்துக்குப் போகும்போது அம்மாவிடம் கும்பிட்டுப் போவது அந்த வீட்டு வழக்கம். வெட்கமே இல்லாமல் அன்றைக்கும் குனிந்து காலைத் தொட்டான். “ஆசீர்வாதம் பண்ணுங்கோ அம்மா. போட்டு வாறன்.”

அவள் சாமித்தட்டில் இருந்து திருநீற்றை எடுத்து, வழக்கம்போல அவன் நெற்றியில் இழுத்துப் பூசினாள். பிறகு வாயைத் திறந்தாள். வந்தது தமிழில்லை. ஸ்பானிஷ். மார்த்தாவின் ஊர் இழுவையோடு, ஒரு சொல் தடக்காத ஸ்பானிஷ்.

“என்ரை திவசம் எண்டைக்கு வருது, தம்பி?”