பொன்னேரிக்குப் போகிற கார்

"மூடியத் தொடாதம்மா. உள்ள கொதிச்சிக்கினு கீது, மூஞ்சில அடிச்சிடும்."

சத்தம் கொடுத்தபடியே பீட்டர் ஓடி வந்தார். கவரைப்பேட்டை சாலையோரம் அவருடைய மெக்கானிக் கொட்டகைக்கு முன்னால் ஒரு பழைய வெள்ளைக் கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. அடியில் பச்சைத் தண்ணீர் குளமாகப் பரவியிருந்தது.

ஓட்டி வந்த பெண் தேவதர்ஷினிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கூட அவள் அம்மா எல்லம்மா. இருவரும் பட்டுப்புடவையில் இருந்தார்கள்.

"பன்னெண்டு மணிக்குள்ள பொன்னேரி ரிஜிஸ்டர் ஆபீசுல இருக்கணும்ணா. கல்யாணம்."

பீட்டருக்குப் புரிந்துவிட்டது. முத்தம்மாவைக் கைப்பிடிக்க அவரும் ஒரு காலத்தில் இப்படித்தான், ஒரு சொந்தமும் இல்லாமல் அந்த ஆபீஸ் வாசலில் நின்றவர்.

"சூடு ஆறட்டும். ரேடியேட்டர் ஓஸ் வெடிச்சிருக்கு. கிழிஞ்ச முனைய வெட்டிட்டு திருப்பி மாட்டினா போய்ச் சேந்துடலாம்" என்றவர், "மாப்ள இன்னா பண்றாரு?" என்று கேட்டார்.

"சிப்காட்ல கிரேன் ஓட்டுறாரு. தங்கமான மனுஷன்" என்றாள் தேவதர்ஷினி. எல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்றவளுக்குக் கவலை இருக்காதா என்று நினைத்துக்கொண்டார் பீட்டர்.

இஞ்சின் ஆறியதும் ஓஸைக் கழற்றினார். அப்போது ஒரு பைக் சீறிக்கொண்டு வந்து நின்றது. இறங்கியவன் எல்லம்மாவின் அண்ணன் விஜயகுமார். நேராகக் கார் கதவைத் திறந்து சாவியை உருவினான்.

"ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்ல? நான் ஊருல தல காட்ட வாணாமா? வண்டி நின்னதே நல்லதாப் போச்சு. ஊட்டுக்கு நடங்க."

"சாவியக் குடு மாமா."

"நீ படிச்ச பொண்ணுதான? நீ பண்றதுக்கு நாளைக்கு என் புள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

எல்லம்மா மகளை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"உன் பேச்சக் கேட்டு ஒரு தடவ கழுத்த நீட்டுனது போதும்ணா. அந்த ஆளு என்னை அடிச்சப்ப நீ எங்க போன? இந்தக் கல்யாணம் நடக்கும். கார் போகலைன்னா பொன்னேரி வரைக்கும் நடந்தே போவோம்."

விஜயகுமார் பீட்டர் பக்கம் திரும்பினான். "யோவ், இந்த வண்டில கைய வெச்ச, நாளைக்கு நீ இங்க கடை நடத்த முடியாது."

பீட்டர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"என் பட்டறைக்கு வந்த வண்டிக்கு நான்தான் பொறுப்பு. சாவிய வெச்சிட்டுப் போ. இல்ல, போலீசைக் கூப்புடுறேன். இருக்கியா?"

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். விஜயகுமார் சாவியைத் தரையில் வீசிவிட்டு, "எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

எல்லம்மாவின் கண் கலங்கவில்லை. குனிந்து சாவியை எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

பீட்டர் ஓஸை மாட்டி, கிளிப்பை முறுக்கி, கூலன்ட் ஊற்றினார். இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

"மெதுவாப் போ. சூடு முள்ளு மேல ஏறுனா உடனே நிறுத்திடு" என்றவர், ஜன்னல் அருகே குனிந்தார். "தைரியமா கல்யாணம் பண்ணிக்க கண்ணு. எவன் இன்னா சொன்னாலும் தலை குனியாத."

தேவதர்ஷினி சிரித்துக்கொண்டே முதல் கியரைப் போட்டாள்.

"அத எங்கம்மாகிட்ட சொல்லுங்கண்ணா. கல்யாணப் பொண்ணு அவங்கதான். நான் சாட்சிக் கையெழுத்துப் போடப் போறேன்."