மபோலோ டீமின் நெட்டையன்

"அந்த நெட்டையனை நம்ம டீமுக்கு வாங்கினா, ஜெர்சிக்கு ஒரு சென்டவோ காசு கூடத் தர மாட்டேன்."

பேக்கரி பியோ மாவுக் கையால் மேசையைத் தட்டினார். சான் ரோக்கே கூடைப்பந்து டீமின் முதுகில் பத்து வருஷமாக அவர் பேக்கரியின் பெயர்தான். அதனால் கோச் டோமெங் பார்த்துத்தான் பேச வேண்டும்.

"கொஞ்சம் யோசிங்கண்ணே. மபோலோக்காரங்களே வந்து கேக்கறாங்க. நம்ம பசங்க ரெண்டு பேரைக் கொடுத்தா மெல்ச்சோரைத் தர்றாங்களாம். இருபத்தோரு வயசு. ஆறடி அஞ்சு அங்குலம். நம்ம டீம்ல சென்டர்னு ஒருத்தன் நிக்கறானே, அவன் என் காதுக்குத்தான் வர்றான்."

"தென்னைமரம் அதைவிட உசரம். வாங்கி நிறுத்து."

"போன வருஷம் அவன் நம்மளை என்ன பாடு படுத்தினான்?"

"அது போன வருஷம். இந்த நாலு மாசமா? பாதி ஆட்டத்துலயே முழங்கால் ஆடுது. நெஞ்சுக்கு நேரா வர்ற பந்தை நழுவ விடறான். சோம்பேறி, டோமெங். இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளையாது."

திருவிழாப் போட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆரம்பம். முதல் ஆட்டமே பக்கத்து ஊர் மபோலோவோடு. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். டோமெங் ஆறு வருஷமாக மூட்டைதான் கட்டிக்கொண்டிருந்தான். பகலெல்லாம் டிரைசைக்கிள் ஓட்டுகிற ஐம்பது வயது மனிதனுக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு தடவையாவது மபோலோவை நேருக்கு நேர் நின்று ஜெயிக்க வேண்டும்.

ஆள் மாற்றும் காகிதத்தில் பியோ கையெழுத்துப் போட மறுநாள் வரை கெடு இருந்தது.

விடிந்தும் விடியாமலும் டோமெங் மறுபடி பேக்கரிக்குப் போனான். முன்பக்கம் ரொட்டி வாங்கக் கூட்டம் நெரிந்தது. கெஞ்சுவதை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று பின்பக்கமாக நுழைந்தான்.

அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தான் ஒருவன். ஆறடி அஞ்சு அங்குலம்.

"மெல்ச்சோர்? நீ இங்க என்னடா பண்றே?"

பையன் கோடாரியைக் கீழே வைத்தான். தோள் நடுங்கியது. "மிலாவைக் கேட்டு வந்தேன், கோச். ஐயா வேலை செஞ்சு காட்டச் சொன்னாரு. நாலு மாசமா தினமும் சுவர் உசரத்துக்கு விறகு. வெளியே மூச்சு விட்டா சம்பந்தம் கிடையாதுன்னுட்டாரு."

மிலா பியோவின் ஒரே மகள். பெண் கேட்டு வருகிறவன் அவள் வீட்டில் வேலை செய்து காட்டுவது வழக்கம்தான். தண்ணீர் ரெண்டு குடம் தூக்குவான், கூரை ஒட்டுவான். ஒரு பேக்கரியையே எரிக்கிற அளவுக்கு எவனும் விறகு பிளந்ததில்லை.

பியோ வந்தார். திருட்டு முழி ஒன்றும் இல்லை. டோமெங்கைத் தனியாக இழுத்துப் போய்க் காதோடு சொன்னார்.

"இப்பப் புரியுதா? அவனை எதுக்குடா வாங்கணும்? அந்த டீம்ல இருந்துகிட்டே அவன் நமக்காகத்தான் விளையாடறான்."

டோமெங் அவரையே பார்த்தான். பிறகு காகிதத்தை நாலாக மடித்து அடுப்பில் போட்டான்.

"நீங்க சொன்னா சரிதாண்ணே."

"அப்படி வா வழிக்கு." பியோ நாலு சூடான பன்னைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். டோமெங் வாங்கிக்கொண்டான். முன்பக்கம் வியாபாரம் கூப்பிட, அவர் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்கப் பியோவுக்கு ஏக குஷி. மாலைப் பயிற்சிக்கு வந்து டோமெங்கின் தோளை இடிப்பார். "கல்லாவுல உக்காந்து காலையில கேக்கறேன், கோடாரிச் சத்தம் தாளமே தப்புது. நடுவுல நடுவுல நின்னு வேற போகுது. ஆள் தேஞ்சுட்டான்."

"தேஞ்சுதான் போயிருப்பான்" என்பான் டோமெங். பந்தைத் தொடாமல், கையைப் பையில் விட்டபடியே.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மெல்ச்சோர் வளையத்துக்கு மேலே இருந்தே இறங்கவில்லை. சான் ரோக்கே பையன்கள் எறிந்த பந்தையெல்லாம் ஈ ஓட்டுகிற மாதிரி தட்டி விட்டான். கடைசி நிமிஷத்திலும் குதித்தான். பதினேழு புள்ளி வித்தியாசம். டோமெங்குக்கு ஏழாவது மூட்டை.

ஊரே கோச்சைச் சுற்றிக்கொண்டு திட்டியது. எல்லாருக்கும் மேலே பியோவின் குரல்தான் கேட்டது.

"இவனுக்கு ஆளைத் தெரியல. தங்கமான பையன், வாங்குடா வாங்குடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டானா? நான் என் பொண்ணையே கொடுக்கலாம்னு இருக்கேன், இவன் ரெண்டு பசங்களைக் கொடுக்க யோசிக்கறான்."

அத்தனை பேர் முன்னால் வாய் தவறிச் சொல்லிவிட்டார். கூட்டம் கைதட்டியது. இனி அதை வாபஸ் வாங்க முடியாது.

மெல்ச்சோர் ஓடி வந்து பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதையாகப் பியோவின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். அடுத்து டோமெங்கிடம் வந்து குனிந்து, அவன் கையை மட்டும் பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி எடுத்தான்.

"கொப்புளம் இன்னும் ஆறலியா, கோச்?"

"மெதுவாடா, உன் மாமனார் காதுல விழப்போகுது" என்றான் டோமெங். "நாளையிலேர்ந்து உன் விறகை நீயே பிளந்துக்க."