கடைசி வீட்டுக் காவிக்கோடு

"கடைசி ஊட்டுல ஒரு பொம்பளை இருப்பா. வாய்க்கு வந்தபடி ஏசுவா. நீங்க பதில் பேசக்கூடாது" என்று முனிசிபாலிட்டி ஓவர்சியர் குமாரசாமி நேற்றுச் சாயங்காலமே சொல்லி வைத்திருந்தார்.

"கையை ஓங்கினா என்ன பண்றதுங்க?"

"அடியை வாங்கிக்கிட்டு வேலையைப் பாருங்க."

வாழப்பாடியிலிருந்து சேலத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருந்த பெரியசாமிக்கு அந்தப் பேச்சு இப்போது நினைவுக்கு வந்தது. ஓவர்சியரின் வெள்ளைக் கால்சட்டையில் சாணித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"வாசல் தெளிக்கற நேரத்துல குறுக்க வந்து நின்னா அப்படித்தான்" என்றாள், காலி வாளியோடு நின்ற சாரதாமணி. நெசவுக்கார வீரபாகுவின் ஒரே மகள்.

சேர்வராயன் மலையில் கொட்டுகிற மழை ஊருக்குள் ஓடி வர அதிக நேரம் பிடிக்காது. ஊர் பெருகப் பெருக, வீடுகளும் ஓடையை நெருக்கிக்கொண்டு இறங்கிவிட்டன. போன ஐப்பசி வெள்ளம் ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு ஆழம் நின்றது என்று விசாரித்து, அந்த உயரத்தில் சுவரில் காவிக்கோடு போட வேண்டும். கோடு இடுப்புக்கு மேலே போனால், மழைக்கு முன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அதனால் ஓடைக்கரை முழுக்க ஒரே பாட்டுத்தான். "கணுக்கால் நனைஞ்சுதுங்க. அவ்வளவுதானுங்க!"

அவர்களிடமெல்லாம் "ஏஞ்சாமி, உசுரு முக்கியமில்லீங்களா?" என்று தணிந்து பேசியே உண்மையைக் கறந்தவர்தான் ஓவர்சியர். இந்த வாசலில் மட்டும் அவர் குரல் இரும்பாகிவிட்டது.

"எவ்வளவு தண்ணி நின்னுச்சு?"

"முழங்கால்."

"தறிக்குழியில இருந்து அளந்து சொல்லு."

சாரதாமணி காலி வாளியைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் அவள் அப்பா குழிக்குள் காலைத் தொங்கவிட்டுத் தறி நெய்யும் சத்தம் மட்டும் கேட்டது.

"கலங்கல் தண்ணியில குழி எங்கே இருக்குன்னு தெரியாம, அதுக்குள்ளேயே விழுந்தாரு உங்கப்பா. அவருக்குக் கழுத்து வரைக்கும் நின்னுச்சு. தலைமயிரைப் பிடிச்சுத் தூக்கலைன்னா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். தறி ஊட்டுக்குக் கணக்குக் குழியில இருந்துதான். பெரியசாமி, கழுத்து உயரத்துக்குப் போடுங்க கோட்டை!"

அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டிருப்பார் என்று நினைத்தபடி பெரியசாமி காவிச்சட்டியையும் பூசுகிற மட்டையையும் எடுத்தான். அதற்குள் சாரதாமணி சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"போடச் சொல்லுங்க. என் கழுத்து மேலதான் போடோணும்!"

எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இவ வாய்க்கு இந்த ஓவர்சியர்தான் சரி!"

"நீ சும்மா இரு அக்கா!" என்று சீறினாள் சாரதாமணி.

பெரியசாமி நடுவில் புகுந்தான். "ஏனுங்கம்மா, எங்ககிட்ட ஏன் மல்லுக்கு நிக்கறீங்க? இவர் மேல வருத்தம்னா, பேரைச் சொல்லிச் சேர்மன்கிட்டப் புகார் பண்ணுங்க."

"அந்தப் பேர் என் வாயில வராது!"

ஒரு மனுஷன் மேல் இவ்வளவு வெறுப்பா என்று பெரியசாமி மலைத்துப் போனான்.

"நகரு" என்றார் ஓவர்சியர்.

"மாட்டேன்."

"இந்த ஐப்பசிக்கும் அதே தண்ணி வந்தா, யாரு வந்து தூக்குவா?"

"யாரையும் நம்பி நாங்க இல்லை."

மலைப்பக்கம் கருகருவென்று இருட்டிக்கொண்டு வந்தது. ஓவர்சியர் அதை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் இன்னும் கடுகடுத்தது.

"ஆளுங்களை வெச்சுச் சாமானை எடுத்து வெளியே போட வேண்டியிருக்கும். தெரிஞ்சுக்க."

"போடுங்க! தறியையும் பிடுங்கிப் போடுங்க!" என்று கத்தியவளின் குரல் சட்டென்று உடைந்தது. "வெள்ளம் வடிஞ்ச நாள்ல இருந்து உங்களுக்கு வேற பேச்சே இல்லை. காலி பண்ணு, காலி பண்ணுங்கறீங்க. வயசான மனுஷனைக் கூட்டிக்கிட்டு எங்கே போறதுன்னு ஒருநாளாச்சும் வாயைத் தொறந்து சொன்னீங்களா?"

உள்ளே தறிச் சத்தம் நின்றது.

ஓவர்சியர் பெரியசாமியின் கையிலிருந்த மட்டையை வாங்கிச் சட்டிக்குள் போட்டார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். ஓடைக்கரை முழுக்க அத்தனை பேரிடம் பேசி ஜெயித்த மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு தடுமாறினார்.

"மாமாவையும் கூட்டிக்கிட்டு நம்ம ஊட்டுக்கே திரும்பி வந்துரு, சாரதா."