சண்டைக்கு ஆள் தேவை

"தலையில அடிபட்டதுலேருந்து இவர் என்கூட சண்டையே போடறதில்லை, மேடம்."

நகை திருட்டுப் போனதைச் சொல்லும் குரலில் சொன்னாள் மனைவி. பக்கத்து நாற்காலியில் கணவர், போட்டோவுக்கு உட்கார்ந்தவர் போலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இவர் 'பிரேக்' என்று கத்தினால் எதிரே வருகிற வண்டியும் நின்றுவிடும்.

அடி விழுவது ஒரு தலையில்தான், கலங்குவது வீடு முழுக்க என்றார் மனநல ஆலோசகர். பேசிப் பேசியே சரிசெய்துவிடலாம், என்ன மாறியிருக்கிறது என்று கேட்டார்.

மனைவி கொட்டித் தீர்த்தாள். உப்பே போடாமல் சமைத்த அன்று, அமிர்தம் என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுச் சாவியை அவள் தொலைத்தபோது, பூட்டு பத்திரமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். அவர் தங்கையை அவள் வாய்க்கு வந்தபடி பேசினாலும், கரெக்ட் என்கிறார்.

"சொந்த வீட்ல விருந்தாளி மாதிரி இருக்கேன். தூக்கமே இல்லை, அழுகையா வருது. பழைய மனுஷன் திரும்பி வரலைன்னா நான் எங்கம்மா வீட்டுக்கே போயிடுவேன்."

மனைவியிடம் பிடிக்காதது ஏதாவது ஒன்றைச் சொல்லும்படி ஆலோசகர் கணவரைக் கேட்டார். அவர் நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்து, எல்லாமே பிடிக்கும் என்றார்.

"பாத்தீங்களா? முத்திப் போச்சு" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சீண்டிப் பாருங்கள் என்று ஆலோசகர் அவளுக்கு ஜாடை காட்டினார். அவள் அவருடைய மீசையைக் குறை சொன்னாள், தலையாட்டினார். குறட்டையைக் குறை சொன்னாள், மன்னிப்புக் கேட்டார். கடைசியில் துணிந்துவிட்டாள்.

"இவருக்கு ரிவர்ஸ் எடுக்கவே தெரியாது, மேடம்."

வாத்தியாரின் காது சிவந்தது.

"யாருக்கு? எனக்கா? ஊருக்கே ரிவர்ஸ் கத்துக்குடுத்தவன்டி நான். நீ வண்டி ஓட்டிப் பழகினப்போ தெருநாயெல்லாம் மாடியில ஏறி நின்னுச்சு."

"எங்கப்பா வீட்டுச் சுவத்துல இன்னும் உங்க பம்பரோட பெயின்ட் ஒட்டியிருக்கு."

"சுவர் கோணல். உங்க வீட்ல எதுதான் நேரா இருக்கு?"

அவள் முகம் மலர்ந்தது. கல்யாண போட்டோவில்கூட அவள் அப்படிச் சிரித்திருக்க மாட்டாள். சண்டை அவர் தங்கையில் தொடங்கி, அவள் தாய்மாமன் வரை ஒருவர் விடாமல் சொந்தபந்தங்களை நலம் விசாரித்துவிட்டு வந்தது. ஆலோசகர் டென்னிஸ் பார்ப்பவர் போலத் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

திடீரென்று வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன், மேடம். மண்டையில ஆபரேஷன் ஆன பொண்டாட்டிகிட்ட போய் இப்படிப் பேசலாமா?"

"பேசணும்" என்றார் ஆலோசகர். "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."