கழுதையின் பெயர்

“‘சிகாமணி’ன்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, சுலோச்சனா. ‘ஏனுங்க’ன்னா எப்படி?”

நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான நான்தான் கோடை விழாவுக்கான நாடகத்தை எழுதி இயக்கினேன். கதை எளிது. தூங்கும் ராஜகுமாரியின் இமையில் மாயக் காப்பிப்பூச் சாறு விழும். அவள் கண் விழித்ததும், கழுதைத் தலையோடு நிற்கும் சிகாமணியைப் பார்த்துக் காதலில் உருகுவாள்.

ராஜகுமாரி, எஸ்டேட் நர்ஸ் சுலோச்சனா. கழுதை, லாரி டிரைவர் மாரப்பன்.

“நாடகத்தன்னைக்குச் சொல்லிடறேனுங்க ரைட்டரு” என்றாள் சுலோச்சனா, ஒத்திகையில்.

ஏற்காடு கோடை விழா மேடையில் சாறு விழுந்தது. சுலோச்சனா எழுந்து கழுதையைப் பார்த்தாள். திரையோரம் நின்ற என்னையும் பார்த்தாள்.

“ஏனுங்க...”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மட்டும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

திரை விழுந்ததும் ஓடினேன். “ஒரே ஒரு பேருங்க! அதைச் சொல்ல வாய் வரலையா?”

“எப்படிங்க வரும்? ஊரே உங்களை ரைட்டருன்னுதான் கூப்பிடுது. ஆனா வாரம் ரெண்டு தடவை தலைவலின்னு ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களே, நோட்டுல உங்க பேரை எழுதறது நான்தானுங்களே!”

கழுதைக்கு என் பெயரை வைத்ததே, அதை அவள் வாயால் ஒருமுறையாவது கேட்டுவிடத்தான்.

“கட்டிக்கப் போறவரு பேரை அத்தனை சனத்துக்கு முன்னால எப்படிங்க சொல்றது?” என்றாள் சுலோச்சனா, சாறு இன்னும் காயாத இமைகளைத் தாழ்த்திக்கொண்டு.