கீழ் வரிசை

“ஜோடி ஜோடியா பின்னால நில்லுங்க, பிள்ளைங்கல்லாம் கீழ உக்காருங்க. ரஞ்சிதம், உன்னையுந்தான் சொல்றேன்!” என்று மணமேடையிலிருந்து அண்ணன் கத்தினார். ரஞ்சிதத்துக்கு நாற்பத்தொன்பது வயது. தாசில்தார், அவள் நுழைந்தால் அலுவலகமே எழுந்து நிற்கும். கல்யாணம் மட்டும் ஆகவில்லை, அதனால் முப்பது வருடமாக எந்தக் கல்யாணப் படத்திலும் அவளுக்குத் தரைதான். ஒரு காலத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த குட்டிதான் இன்றைக்கு மணப்பெண். முட்டி இரண்டும் மளுக்கென்று சத்தம் போட, உட்கார்ந்தாள். படம் எடுத்ததும் எல்லோரும் பந்திக்கு ஓடினார்கள். அவள் மட்டும் எழவில்லை.

“என்னம்மா, முட்டி பிடிச்சுக்கிச்சா?” என்று அண்ணன் கை நீட்டினார்.

“இல்லண்ணே. உங்க சின்னவனுக்குத் தையிலதானே கல்யாணம்? அதுக்குள்ள எதுக்கு எழுந்திரிச்சுக்கிட்டு?” என்று சேலையைச் சரிசெய்து சம்மணமிட்டாள்.