பேபி ஆஃப் முனீஸ்வரி

"சார், கேன்சல் குடுத்தும் 'பேபி ஆஃப் முனீஸ்வரி' லிஸ்ட்டுலயே நிக்கி," என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் ஏசம்மாள் மூன்றாவது முறையாகப் போனில் சலித்துக்கொண்டாள்.

ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே அந்த ஆஸ்பத்திரியின் பிறப்புப் பதிவு மென்பொருளைப் பராமரிக்கும் ஜெயபாண்டி, "சேவ் பண்ணாத பதிவுதான, தூக்கிருதேன்க்கா," என்றான்.

"ரெண்டு மாசமா இதையேதான் சொல்லுதிய. பிரசவத்துக்கு முந்தியே அவசரப்பட்டு கம்ப்யூட்டர்ல பிள்ளை பேருக்கு ஃபாரத்தைத் தொறந்துட்டேன். பிள்ளை செத்துப் பொறந்துட்டு. பெத்தவ இதைப் பாத்தா என்ன பாடுபடுவா?"

"அவ தினமும் பாத்துக்கிட்டுதான்க்கா இருக்கா."

"எங்க வச்சு?"

ஜெயபாண்டி அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"என் லேப்டாப்புல. முனீஸ்வரி எம் பொண்டாட்டி. காலைல எந்திச்சதும் அந்த வரியைக் காட்டச் சொல்லுதா. அவளுக்குப் பிள்ளை பொறந்துச்சுன்னு வேற எங்கயும் எழுதலியாம்க்கா."